‘ஆல்டர்நேட்டிவ்’ என்றால் எதற்கு மாற்று?

கலிஃபோர்னியாவின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மார்ச் மாதம் ஒரு தாள் தொங்க வேண்டும். மாணவர், ஆசிரியர், வந்துபோகும் பெற்றோர் கண்ணில் படும்படி குறைந்தது இரண்டு இடங்களில், மாதம் முழுக்க. மாநிலக் கல்விச் சட்டத்தின் 58501ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. எங்கள் பேட்டைப் பள்ளியில் அதை ஆபீஸ் ஜன்னல் பக்கத்தில், மதியச் சாப்பாட்டு மெனுவுக்கும் பேன் எச்சரிக்கைக்கும் நடுவில் ஒட்டியிருந்தார்கள். பொடி எழுத்து. யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை. நானே மகன் தொலைத்த மழைக்கோட்டைத் தேடிப்போய்க் காத்திருந்த நேரத்தில்தான் படித்தேன்.

மாற்றுப் பள்ளி (‘ஆல்டர்நேட்டிவ் ஸ்கூல்’) என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. தன் காலில் நிற்பது, தானே முன்வருவது, கனிவு, இயல்பான துடிப்பு, சமயோசிதம், துணிவு, படைப்பாற்றல், பொறுப்பு, மகிழ்ச்சி. இவையெல்லாம் பிள்ளையிடம் வளர இடம் தரும் பள்ளி அது. ஆசைப்பட்டுப் படிக்கும்போதுதான் படிப்பு ஏறும் என்பதை ஒப்புக்கொள்ளும் பள்ளி. சட்டப் புத்தகத்தில் போய் மகிழ்ச்சியைச் சேர்த்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. உங்கள் ஊரில் இப்படி ஒரு பள்ளி வேண்டுமென்று டிஸ்ட்ரிக்டிடம், அதாவது வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்திடம், கேட்க எவருக்கும் உரிமை உண்டு என்றும் அந்தத் தாளே சொல்கிறது. அங்கே கற்பிப்பவரும் படிப்பவரும் விரும்பி வந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்பது இதே சட்டத்தின் இன்னொரு பிரிவு.

விரும்பி வர வேண்டும். அங்கேதான் நம் தலைவலி தொடங்குகிறது. பேட்டைப் பள்ளிக்கு முகவரி போதும். இதற்கு முடிவெடுக்க வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் தெற்குப் பகுதியில், சன்னிவேல், குப்பர்டினோ பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஜனவரி வந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். பொங்கல் கொண்டாட்டத்தில் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு நிற்கும்போதே, “நீங்க எங்க போடறீங்க?” என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சில் ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குப்பர்டினோ டிஸ்ட்ரிக்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே மெக்காலிஃப் என்று ஒரு பள்ளி. பிள்ளைகள் செய்து கற்பார்கள், பெற்றோர் வகுப்புக்குள் வந்து வேலை செய்வார்கள். அதே டிஸ்ட்ரிக்டில் ஃபாரியா, மர்டாக்-போர்ட்டல் என்று இரண்டு. ஒழுங்கு, அடுக்கடுக்கான பாடம், சின்ன வகுப்பிலிருந்தே வீட்டுப்பாடம். மூன்றுமே ‘மாற்றுப் பள்ளி’ என்ற ஒரே தலைப்பில்தான் வரும். பக்கத்துப் பாலோ ஆல்டோவிலும் இதே கதை. ஓலோனியில் பல வயதுப் பிள்ளைகள் கலந்த வகுப்பு, மதிப்பெண் கிடையாது, பின்னால் ஒரு சின்னப் பண்ணை. ஹூவரில் ஆசிரியர் முன்னால் நின்று நடத்த, எல்லாரும் ஒரே பாடத்தை ஒன்றாகப் படிப்பார்கள். இரண்டும் விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் இடம் பிடிக்க வேண்டிய பள்ளிகள்.

ஒன்று பேட்டைப் பள்ளிக்கு இடப்பக்கம் நிற்கிறது, மற்றொன்று வலப்பக்கம். 1970களில் அமெரிக்கா முழுக்கத் திறந்த வகுப்பறை மோகம் ஓடியது. சுவரையே எடுத்துவிட்டுப் பள்ளி கட்டினார்கள். தசாப்தம் முடிவதற்குள், “முதலில் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்” என்று எதிர்க்குரல் எழுந்தது. டிஸ்ட்ரிக்டுகள் இரு கட்சியையும் சமாதானப்படுத்த ஆளுக்கொரு பள்ளியைக் கொடுத்தன. நம் ஊர்க் கூட்டுக்குடும்பத்தில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துக் கொடுப்பதுபோல. நம்மவர்களில் பலர் ஃபாரியா, ஹூவர் வகைக்கே சாய்வதில் ஆச்சரியமில்லை. நாம் படித்த பள்ளியின் சாயல் அதில் தெரிகிறது. நமக்குப் பழக்கமானதே இங்கே ‘மாற்று’ ஆகிப்போனது வேடிக்கைதான்.

இதே சொல்லுக்கு மூன்றாவது பொருளும் உண்டு, அதில்தான் புதிதாக வந்தவர்கள் பயந்துபோகிறார்கள். 16 வயதைக் கடந்தும் போதிய கிரெடிட் (பாடங்களை முடித்ததற்கான புள்ளி) சேராமல் பின்தங்கிய மாணவர்களுக்குக் ‘கன்டினியுவேஷன்’ உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1919லிருந்தே இருக்கும் ஏற்பாடு. அவற்றையும் மாநிலம் ‘ஆல்டர்நேட்டிவ்’ என்றே அழைக்கிறது. “ஆல்டர்நேட்டிவ்னா ஃபெயிலான பசங்க போற எடமாச்சே” என்று எங்கள் வீட்டில் ஒருவர் பதறியது இதனால்தான். சார்ட்டர் பள்ளி வேறு. அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில், ஒப்பந்தத்தின்பேரில் நடப்பது. 1991இல் மின்னசோட்டா முதல் சட்டத்தை இயற்ற, 1992இல் கலிஃபோர்னியா இரண்டாவதாக வந்தது. நான் இங்கே பேசுவது டிஸ்ட்ரிக்ட் தானே நடத்தும் மாற்றுப் பள்ளிகளைப் பற்றி.

குலுக்கலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் படிவம், ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கு முன்னுரிமை, மிச்ச இடத்துக்குக் குலுக்கல், பிறகு காத்திருப்போர் பட்டியல். முறை டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். தேதியைத் தவறவிட்டால் கதை முடிந்தது. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு நடுவருடத்தில் பேட்டைப் பள்ளிக்குத் திரும்ப நினைத்தால் அந்த வகுப்பில் இடம் இருக்குமா என்பதை முன்பே கேட்டு வைப்பது நல்லது. பிள்ளைகள் நிரம்பி வழிந்த காலத்துப் பயம் இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்துபோய் 2022இல் குப்பர்டினோ டிஸ்ட்ரிக்ட் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற இரு பள்ளிகளை மூடியது.

அதிகம் பேச வேண்டியது பெற்றோரின் மணிநேரத்தைப் பற்றி. பெற்றோர் பங்கேற்கும் பள்ளி என்று சொன்னால் ஆண்டுவிழாவில் சமோசா ஸ்டால் போடுவது என்று நினைத்துத்தான் மகளை அப்படி ஒன்றில் சேர்த்தேன். எனக்குக் கிடைத்தது புதன்கிழமை காலை, எட்டரையிலிருந்து பதினொன்றே கால் வரை, வாராவாரம். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனைச் சான்று, கைரேகைப் பதிவு. முதல் நாள் என் கையில் கொடுத்தது ஐந்து பிள்ளைகளையும் ஒரு தட்டு உலர்ந்த பீன்ஸையும். பத்துப் பத்தாகக் கோப்பையில் போட்டு எண்ண வைக்க வேண்டும். ஒரு பையன் பத்து எண்ணுவதற்குள் ஒன்பதாவது பீன்ஸை மூக்கில் விட்டான். அதை எடுத்து முடிப்பதற்குள் கணிதம் முடிந்துவிட்டது. மறுவாரம் அவனே என்னிடம் வந்து, “இன்னிக்கு பீன்ஸ் இல்லையா?” என்றான்.

எல்லா வீட்டாலும் இது முடியாது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்தப் புதன்கிழமையை யார் தருவது? இங்கே யாரும் உரக்கச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் வகுப்பறையில் பார்த்த அம்மாக்களில் கணிசமானோர் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசாவில் வந்து, படித்த படிப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2015இலிருந்து எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. எனக்குக் கிடைத்த வருடம் என் புதன்கிழமை ஆட்டம் கண்டது. பள்ளியின் அந்த அழகான வகுப்பறைக்குப் பின்னால், வேலை செய்ய அனுமதி இல்லாத பெண்களின் சம்பளமில்லாத உழைப்பும் இருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருந்தால், பிள்ளையின் பள்ளி வேலைக்காக ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை, மாதத்துக்கு 8 மணி நேரத்துக்கு மிகாமல் விடுப்பு எடுக்கக் கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. சம்பளத்தோடு தர வேண்டும் என்று அது சொல்லவில்லை.

ஆக, பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேட்கும் முன் வீட்டுக்குப் பொருந்துமா என்று கேட்பதுதான் சரி என்பது என் கட்சி. மணிநேரம் அதில் பாதிதான். மறுபாதி நம்பிக்கை. மதிப்பெண் இல்லாத பள்ளியில் சேர்த்துவிட்டு மாலையில் குமான், சனிக்கிழமை ரஷ்யன் மேத் என்று டியூஷனுக்கு ஓடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். குறை சொல்லவில்லை, நாங்களும் ஓடினோம். ஆனால் பகலில் “தப்பு செய்தால் பரவாயில்லை, எப்படி யோசித்தாய் சொல்” என்று கேட்கும் ஒருவரும், மாலையில் தாளில் சிவப்பு மையால் நேரத்தைக் குறிக்கும் ஒருவரும் ஒரே பிள்ளையை ஆளும்போது, பிள்ளை சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: இதில் ஒன்றுதான் நிஜமான பள்ளி. எது என்று அது உங்களிடம் கேட்காது. உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.

என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப்போனேன். மகள் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினாள். இப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றில் அதுதான் வழக்கம். மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏம்மா, டீச்சரைப் பேரு சொல்லிக் கூப்பிடுது புள்ள. நீ பாத்துக்கிட்டு நிக்கிற?” நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. “மரியாதை இல்லாம படிப்பு எங்கேருந்து வரும்?” வெறும் பழமைவாதம் என்று அதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஒரு வீடு தன் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதே எதிர்பார்ப்பு அப்பா அம்மாவுக்கும் இருந்தால் அந்த வீட்டுக்கு இந்தப் பள்ளி தினமும் ஒரு சின்ன முள்.

இனி பிள்ளை. “எங்க பையன் ரொம்பச் சுறுசுறுப்பு, ஒரு இடத்துல உக்கார மாட்டான், அவனுக்குத் திறந்த வகுப்புதான் சரி” என்பார்கள். நான் கண்டது பல நேரம் நேர்மாறு. ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குத் தாவத் திணறும் பிள்ளைக்கு, நான்கு மூலையில் நான்கு காரியம் நடக்கும் அறை திருவிழாக் கூட்டம்போல. அடுத்து என்ன என்று மணி அடித்துச் சொல்லும் வகுப்பில் அவனே அடங்கி வேலை செய்வான். இன்னொரு பக்கம், சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும் சமர்த்துப் பிள்ளை. ‘எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும்’ என்று நாம் கவலைப்படாமல் விடும் அந்தப் பிள்ளைதான் இங்கே காணாமல் போகும். தானே கேட்டு வாங்க வேண்டிய வகுப்பில், கேட்கத் தெரியாத பிள்ளைக்குக் கடைசியாகத்தான் கிடைக்கும்.

பள்ளியைச் சுற்றிக்காட்டும் நாளில் இதெல்லாம் தெரியாது. அன்றைக்கு எல்லாப் பள்ளியும் கல்யாண வீடு. முடிந்தால் சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில், பதினைந்து நிமிடமாவது வகுப்பின் ஓரத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்காதீர்கள், அது எங்கும் ஒன்றுதான். கை தூக்காத ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பெரியவர் ஒருவராவது அதனிடம் வந்தாரா?

முதல்வரிடம் கேட்க என்னிடம் ஒரே ஒரு கேள்வி உண்டு. “இங்கே வாசிக்க எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள்?” இந்த மாநிலத்துக்கு அதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1987இல் கலிஃபோர்னியா தன் பாடத்திட்ட நெறிகளை, முழுச் சொல்லாக, கதைகளின் வழியே வாசிக்க வைக்கும் முறைப் பக்கம் திருப்பியது. எழுத்தொலியைக் கூட்டிப் படிப்பது பின்னுக்குப் போனது. 1994 தேசியத் தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பில் மாநிலம் நாட்டின் கடைசி வரிசைக்கு வந்தது. காரணம் அது ஒன்றுதானா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் மறுவருடமே எழுத்தொலிப் பயிற்சியைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றினார்கள். இயல்பாக வரட்டும் என்று காத்திருக்கும் மனப்பான்மை மாற்றுப் பள்ளிகள் சிலவற்றில் இன்னும் மிச்சம் இருக்கிறது. பேசுவதுபோல வாசிப்பு தானாக வராது. அ, ஆ என்று எழுத்தைச் சொல்லி வளர்ந்த நமக்கு இது தெரிந்த விஷயம்.

எனக்குத் தெரிந்தும் நான் ஏமாந்தேன். மகள் இரண்டாம் வகுப்பு வந்தும் படத்தைப் பார்த்துக் கதை சொல்வாளே தவிர வரியைப் படிக்க மாட்டாள். கேட்டபோதெல்லாம் பள்ளியில் ஒரே பதில்: “வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேளை உண்டு.” அவ்வளவு கனிவாகச் சொன்னார்கள், மறுத்துப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. ஒன்றரை வருடம் காத்திருந்தோம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், “வாயால் கேட்காதே, கடிதமாக எழுதிக் கொடு” என்றார். எழுதிக் கொடுத்தால் கணக்கு வேறு. சிறப்புக் கல்வி மதிப்பீட்டுக்கான எழுத்துபூர்வக் கோரிக்கை வந்த 15 நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்ட் மதிப்பீட்டுத் திட்டத்தைத் தர வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட பிறகு 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்துக் கூட்டம் நடத்த வேண்டும். மாற்றுப் பள்ளியும் அரசுப் பள்ளிதான் என்பதால் விதி ஒன்றே. டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் குறைபாடு, என்று தெரிந்தது. 2025-26லிருந்து கிண்டர்கார்ட்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்புச் சிரமத்தைக் கண்டறியும் சோதனையை மாநிலம் கட்டாயமாக்கியிருக்கிறது. எங்களுக்குத் தாமதமாகிவிட்டது.

ஆனால் மகளை அங்கிருந்து எடுக்கவில்லை. தனிப் பயிற்சி தொடங்கிய பிறகு, மெதுவாக வாசிப்பவள் என்று அவளை யாரும் முத்திரை குத்தாத இடம் அதுதான். கலந்த வயது வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் புத்தகம் வாசித்துக்காட்டினாள். தடுமாறினாலும் அவர்களுக்கு அது கதை. பேட்டைப் பள்ளியில் அவளுக்கு இது கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். தாமதித்ததும் அதே பள்ளி, தாங்கியதும் அதே பள்ளி.

பொங்கல் வட்டத்தில் கடைசியாக வரும் கேள்வி கல்லூரி. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கல்லூரியா என்று சிரிக்கலாம், ஆனால் கேட்காதவர் இல்லை. இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் 30 உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கல்லூரி நுழைவு நிபந்தனைகளைத் தளர்த்தி, விருப்பப்படி பாடம் நடத்த விட்டார்கள். எட்டாண்டு ஆய்வு என்று பெயர். அந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களையும் வழக்கமான பள்ளிகளிலிருந்து வந்தவர்களையும் 1,475 இணைகளாக வைத்துக் கல்லூரியில் ஒப்பிட்டார்கள். முதல் வகையினர் சற்று மேலாகவே செய்தார்கள். துணிந்து அதிகம் மாற்றிய பள்ளிகளின் பிள்ளைகள் இன்னும் மேலே. அவை பெரும்பாலும் நல்ல வசதியுள்ள பள்ளிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைய நிலவரத்தில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. 2020இல் எடுத்த முடிவின் தொடர்ச்சி அது. முக்கியமாகப் பார்ப்பது உயர்நிலைப் பள்ளியில் முடிக்க வேண்டிய 15 பாடங்களையும் அவற்றின் மதிப்பெண்களையும். தொடக்கப் பள்ளியில் கோழிக்குத் தீனி போட்டாளா, வாய்ப்பாடு ஒப்பித்தாளா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

உண்மையான இடறல் நடுவில் இருக்கிறது. பல மாற்றுப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பில் பிள்ளை ஆயிரம் பேர் படிக்கும் சாதாரணப் பள்ளிக்குப் போகும். ஆறு ஆசிரியர்கள், லாக்கர், வாரத் தேர்வு. கணிதத்தில் யார் எந்தப் பிரிவு என்று அங்கேதான் பிரிக்கத் தொடங்குவார்கள், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா யாருக்கு என்பதும் அதிலிருந்தே முடிவாகும். என் மகள் வாழ்க்கையில் முதல் தேர்வுத்தாளை ‘சி’ என்ற எழுத்தோடு கொண்டுவந்து, “அம்மா, ‘சி’ன்னா என்ன?” என்று கேட்டாள். விளக்கினேன். “இதையே எழுதியிருக்கலாமே, ஏன் எழுத்து?” என்றாள்.

இளையவனுக்கு உடன்பிறப்பு முன்னுரிமை இருந்தது. குலுக்கல் தேவையில்லை, படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும். கணவருக்கும் எனக்கும் இரண்டு வாரம் அதே பேச்சு. எனக்கு இப்போது வேலை, புதன்கிழமை இல்லை. அவனோ காலையில் எந்தச் சட்டை என்று நாம் எடுத்து வைத்தால் நிம்மதியாகப் போட்டுக்கொள்பவன், மூன்று சட்டையைக் காட்டினால் அழுபவன். டிக் செய்யாமல் படிவத்தை அனுப்பினோம். அவன் தெருமுனைப் பள்ளிக்குத்தான் போகிறான். அந்தத் தாள் அங்கே இந்த மார்ச்சிலும் தொங்கியது, பேன் எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே.